கீழ்வீட்டு விமானி

அருங்காட்சியகம் பார்க்கப் போனேன் என்று சொன்னால் பச்சைப்பொய். நான் போனது மின்விசிறிக்காக. மயிலாப்பூரில் தையற்காரர் வழக்கம்போல, "கொஞ்ச நேரம் கழிச்சு வாங்கம்மா, ஊக்கு வைக்கிறதுதான் பாக்கி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வெயில் கொளுத்தியது. மெட்ரோ வேலைக்காகத் தெருவெல்லாம் தகரத்தை நட்டு அடைத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து நடந்த தெருக்களில் எனக்கே வழி தெரியவில்லை. தகரத்தை ஒட்டியே நடந்து, திரும்பக் கூடாத இடத்தில் திரும்பி, ஒரு சந்துக்குள் போய் நின்றேன். அங்கே ஒரு பழைய வீட்டு வாசலில் துணிப் பதாகை கட்டியிருந்தது: 'வானில் பறந்த நம் வட்டாரப் பெண்.' கீழே சின்ன எழுத்தில், அனுமதி இலவசம், மாடிக்கு வரவும்.

இலவசம், மாடி, நிழல். ஏறிவிட்டேன்.

இந்த மாதிரி இடங்கள் எனக்குப் பிடிக்காது. ஓடியாடிக்கொண்டிருந்த சாமான்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு, 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டையும் வைத்துவிட்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்த அறை வேறு மாதிரி இருந்தது. ஜன்னல்களுக்கு மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடிச் சில்லுகள். அவற்றின் நிறம் தரையில் கிடந்தது. மூலையில் ஒரு பெரிய மின்விசிறி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு சுற்றியது. வேட்டி கட்டிய ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர்தான் பொறுப்பாளர். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பேப்பருக்குத் திரும்பினார். பேச்சுக் கொடுக்காத மனிதர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மத்தியானம் ஆனால் நான் பாதி மனுஷிதான். கண் திறந்திருக்கும், உள்ளே தூக்கம் ஆரம்பித்திருக்கும். தேனாம்பேட்டை ஆபீசில் இதற்காக நிறையக் கேலி வாங்கியிருக்கிறேன். அந்த நிலையிலேயே சுவரோரமாக நகர்ந்தேன். இறக்கை இரண்டு அடுக்காக இருக்கும் ஒரு சின்ன விமானத்தின் படம், கட்டிலும் மேலே கொசுவலைச் சட்டமும் போல. ஒரு தோல் குல்லா. பறக்கும்போது கண்ணில் காற்று அடிக்காமல் மாட்டிக்கொள்கிற ஒரு காற்றுக் கண்ணாடி, கயிறு இற்றுப்போய். மூங்கில் வேலி ஓரம் திரளாக நிற்கும் ஜனங்களின் படம். எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் எனக்கு அசைந்தது.

கடைசியில் பெரிய படம். புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிய ஒரு பெண், விமானத்தின் இறக்கையில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். காற்றுக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கிறது. காதுகள் இரண்டும் விரிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. படத்துக்குச் சந்தன மாலை. கீழே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஊதுவத்தி புகைந்தது. கை தானாகக் குவிந்தது. போய்ச் சேர்ந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை அது, யோசிக்க வேண்டியதில்லை.

கும்பிட்ட கையோடு கீழே எழுதியிருந்த பெயரைப் படித்தேன். என் தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பெசன்ட் நகரில் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு நேர் கீழ்வீட்டுக் கதவில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. அதே தலைப்பெழுத்து. அந்த வீட்டில் தனியாக இருப்பவர் ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் கட்டடம் முழுக்க அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடும். அன்றைக்குக் காலையில்கூட, மாடித் தொட்டி நிரம்பி வழிந்ததற்காக என்னைப் படிக்கட்டில் நிறுத்தி வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதனால் படத்துச் சிரிப்பை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. ஆனால் காது? அந்தக் காதை எங்கே பார்த்தாலும் சொல்லிவிடலாம்.

"சார், இவங்க எங்க இருந்தாங்க?" என்று கேட்டேன்.

"சாந்தோம் பக்கம். கிறிஸ்தவாள். நல்ல குடும்பம்," என்றார் பெரியவர் பேப்பரை மடித்துக்கொண்டே. "மீனம்பாக்கத்துல போய்ப் பறக்கக் கத்துண்டா. அந்தக் காலத்துல, ஒரு பொண்ணு! காலமாகி எத்தனையோ வருஷம் இருக்கும்."

"யார் சொன்னாங்க?"

"யார் சொல்லணும்? விசாரிச்ச இடத்துலெல்லாம் அவாளைத் தெரியாதுன்னுட்டா. நம்ம ஊருக்குப் பெருமை சேர்த்தவா. வெறும் படமா மாட்ட மனசு வரலை. ஆத்துலேர்ந்து விளக்கைக் கொண்டுவந்து ஏத்தி வெச்சேன்."

அவர் முகத்தில் அவ்வளவு பக்தி. அதைக் கலைக்க எனக்கு வாய் வரவில்லை. முதலில் டீச்சரிடம் கேட்டுக்கொள்வோம் என்று இறங்கிவிட்டேன். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க மறந்து நேரே வீட்டுக்குப் போனேன்.

டீச்சர் கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறு. பார்க்கிற எதிலும் நடுவில் ஒரு புகைத்திட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும், ஓரம் மட்டும் தெரியும். அந்த ஓரமும் வர வர மங்கிக்கொண்டிருந்தது. ஆகையால் நம்மைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் வேறு எங்கேயோ பார்ப்பார். சுவரில் அவருடைய அப்பாவின் படம், அடியில் சின்னச் சிவப்பு விளக்கு. அவருக்கும் அதே காதுதான்.

"டீச்சர், நீங்க ஏரோப்ளேன் ஓட்டினீங்களா?"

வானொலியை நிறுத்தினார். "யாரும்மா சொன்னா?"

"ஓட்டினீங்களா, இல்லையா?"

"ஓட்டினேன். அதுக்கு இப்ப என்ன?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் என் தலைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் மொட்டை மாடியில் துணியை அப்படியே விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அதெல்லாம் எப்படிப் பறக்கிறதென்று தெரிந்த ஆள் என் காலுக்கு அடியிலேயே இருந்திருக்கிறார். "ஒரு வார்த்தை சொல்லலையே டீச்சர்!" என்றேன்.

"நீ என்னைக்குக் கேட்ட? நீ பேசுனதெல்லாம் தண்ணி மோட்டாரப் பத்தித்தான்."

பார்த்ததைச் சொன்னேன். மாலை விஷயத்தை மட்டும் முழுங்கிவிட்டேன். குல்லா, கண்ணாடி, விமானம் எதற்கும் அவர் அசையவில்லை. வேலியோரம் ஜனங்கள் நிற்கிற படம் என்றதும் தலை திரும்பியது.

"மூங்கில் வேலியா?"

"ஆமா டீச்சர்."

"நிக்கிறவங்க மூஞ்சியெல்லாம் தெரியுதா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன். நான் சரியாப் பாக்கல."

டீச்சர் சுவரில் இருந்த அப்பா படத்தின் பக்கமாக ஒரு தடவை முகத்தைத் திருப்பினார். பிறகு, "நாளைக்கு என்னக் கூட்டிட்டுப் போ," என்றார்.

மறுநாள் ஆட்டோவில்தான் முழுக் கதையும் சொன்னார். அவருடைய அப்பா மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், பூசையில் பாடுகிறவர். மகள் பறக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. "போறதுன்னா போ. நான் பாக்க வரமாட்டேன்," என்றாராம், அவ்வளவுதான். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒருநாள் மீனம்பாக்கத்தில் பறக்கக் கற்றுக்கொடுத்த விமானக் கழகத்தில் விழா. ஊர் வேடிக்கை பார்க்க, டீச்சர் முதல்தடவையாக, சொல்லிக்கொடுக்கிறவர் உடன் இல்லாமல், தனியாக மேலே போன நாள்.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டியான்னு கேட்டார். சாப்பிட்டேன்னேன். முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் ஒரு நாளும் அதப்பத்திக் கேக்கல, நானும் சொல்லல."

அப்பா இறந்தபோது அடக்கத்துக்கு விமானக் கழகத்துக் காவலாளி வந்திருந்தாராம். அவர்தான் டீச்சரின் காதோடு, 'அய்யா அன்னைக்கு வேலிகிட்ட நின்னுட்டிருந்தாரும்மா' என்று சொல்லியிருக்கிறார்.

"நெஜமாச் சொன்னாரா, அழுவுற பொண்ணுக்கு ஆறுதலுக்குச் சொன்னாரா, எனக்குத் தெரியல. அந்தக் காவலாளியும் போய்ட்டார். வந்தாரா இல்லையாம்மா எங்கப்பா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். கண்ணு முழுசாப் போறதுக்குள்ள தெரியணும்."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தார். அப்படியென்றால் என்னைத்தான் பார்க்கிறார் என்று அர்த்தம். படத்தைப் பார்க்கப் போகிற கண் என்னுடையது.

பேச்சை மாற்றினால் தேவலை போலிருந்தது. மாலை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். "டீச்சர், உங்க படத்துக்கு மாலை போட்டிருக்காங்க."

"போடட்டும், நல்லதுதானே."

"சந்தன மாலை டீச்சர். விளக்கு, ஊதுவத்தி எல்லாம் வெச்சு. நானும் கும்பிட்டுட்டு வந்தேன்."

டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். தோள் குலுங்க, பக்கத்தில் நானும் குலுங்க, ஆட்டோ ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா ஆயா, உசுரோட கீற, உனக்கே மாலை போட்டுட்டானுங்களா?" என்றார். "வுடு. ஆயுசு கெட்டி உனக்கு."

அடையாறு பாலத்தில் ஏறும்போது டீச்சர் கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்தார். "தண்ணி இருக்கா பாரு, கடல் பக்கம்." இருந்தது. வெயிலில் தகதகவென்று, முகத்துவாரம் வரைக்கும். சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மேல இருந்து பாத்தா இந்த ஆறுதான் எனக்கு ரோடு. மீனம்பாக்கத்துல எழும்பி, ஆத்தப் புடிச்சுக்கிட்டு வந்தாக் கடல் வந்துரும். இடது பக்கம் திரும்புனா, மணல் முடியாமப் போய்க்கிட்டே இருக்கும். அப்புறம் சாந்தோம் மாதா கோவில், வெள்ளையா. உள்ள தள்ளிக் கபாலி கோயில் குளம், சதுரமா. ரெண்டுக்கும் நடுவுல எங்க வீட்டு மாடி. அம்மா காயப்போட்ட வெள்ளத் துணி தெரியும். சத்தமா இருக்கும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. சத்தம்தான். ஆனா கொஞ்ச நேரத்துல அது கேக்காது. நீ மட்டும்தான் இருப்ப."

நான் ஆட்டோவில் இல்லை. நிஜமாகவே இல்லை. மந்தைவெளி நெரிசல், ஹாரன், தகரத் தடுப்பு எல்லாம் எங்கோ கீழே கிடந்தது. அதற்கு மேலே, இரண்டடுக்கு இறக்கைக்கு நடுவே முகத்தில் காற்று அறைய, நானும் கூடப் போய்க்கொண்டிருந்தேன். மொட்டை மாடிகள் நகர்ந்தன. யாரோ பெண் கையில் ஈரத்துணியோடு அண்ணாந்து பார்த்தாள். அது நானாகவும் இருக்கலாம். "எறங்குமா, வந்தாச்சு," என்று ஆட்டோக்காரர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மாடிப்படியை ஏற டீச்சருக்கு நேரமாயிற்று. உள்ளே போனதும் பெரியவரிடம், "சார், இவங்கதான்," என்றேன்.

"எவா?"

நான் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். காதைப் பார்த்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. "அபசாரம்! அபசாரம்!" என்று எழுந்து ஓடினார். முதலில் விளக்கிடம் குனிந்து ஊதப்போனார். விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாதே, அதுவும் உயிரோடு வந்து நிற்கிறவர் முன்னால்! காற்றை வாயில் அடக்கிக்கொண்டு, கன்னம் உப்பியபடி அப்படியே நின்றார். பிறகு ஒரு பூவைக் கிள்ளி, திரியைத் தொட்டுக் குளிரவைத்தார். ஊதுவத்தியைப் பிடுங்கினார். முக்காலியில் ஏறி மாலையை இழுத்தால் அது கம்பியில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சந்தனச் சுருளெல்லாம் அவர் தலையில் உதிர்ந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சரோ பள்ளிக்கூடத்து முகத்தோடு, கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்கு என்ன பிராயச்சித்தம் பண்றதுன்னே தெரியலையேம்மா," என்று இறங்கி வந்தார் அவர். "என்ன வேணும்னாலும் சொல்லுங்கோ. செய்யறேன்."

"அந்த வேலிப் படத்த எறக்கி என் கையில குடுங்க," என்றார் டீச்சர்.

பெரியவர் 'தொடாதீர்கள்' அட்டையை ஒரு தடவை பார்த்தார். மறுபேச்சுப் பேசாமல் படத்தைக் கழற்றினார். எடுத்த விழாப் படங்களில் இது ஒன்றுதான் மிஞ்சியது என்றும், டீச்சர் மேலே பறந்துகொண்டிருந்தபோது எடுத்தது என்றும் சொன்னார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டோம். டீச்சர் மடியில் படத்தை வைத்துக்கொண்டு, கோழி பார்ப்பதுபோல் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். படத்துக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் சாய்த்தார்.

"வெறும் புகையா இருக்கும்மா. நீ பாரு."

தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். படத்தின் மேல் பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் விழுந்திருந்தது, அதைக் கையால் மறைத்துக்கொண்டேன். குடை பிடித்தவர்கள், வேலியில் தொத்தியிருந்த பையன்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள், கூடையைத் தலையில் வைத்தபடியே ஒரு வேர்க்கடலைக்காரர். எல்லாரும் அண்ணாந்திருந்தார்கள். முகம் என்று எதுவும் சரியாகத் தெரியவில்லை, தாடையும் கழுத்தும்தான். ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசை போனேன். அந்தக் காது இல்லை. திரும்பவும் முதலிலிருந்து வந்தேன். இல்லை.

இருக்கிறார் என்று சொல்லிவிடலாமா? யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? எந்தக் குடைக்காரரையாவது காட்டிவிட்டால் இந்த அம்மாள் நிம்மதியாகத் தூங்குவார். வாயைத் திறந்தேன்.

"பொய் சொல்லாத," என்றார் டீச்சர். "கணக்குப் போடாத பிள்ளைங்க குரல் எனக்கு நல்லாத் தெரியும்."

வாயை மூடிக்கொண்டேன். மின்விசிறி தலையைத் திருப்பிக்கொண்டு போயிற்று.

என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த பெரியவர், நிலைமையை லேசாக்க நினைத்தாரோ என்னவோ, "இந்த ஓரத்துல ஒருத்தர் நின்னுண்டே தூங்கறார் பாருங்கோ," என்றார். "ஊரே ஆகாசத்தைப் பாத்துண்டிருக்கு, இவர் பாட்டுக்குத் தூங்கறார். நான் இதைப் பாக்கறப்பல்லாம் சிரிச்சுப்பேன்."

அவர் விரல் காட்டிய இடத்தில், வேலி முடிகிற மூலையில், கோட்டுப் போட்ட ஒருவர் தனியாக நின்றார். அத்தனை பேரும் மேலே பார்க்க, அவர் மட்டும் தலை குனிந்திருந்தார். நான் அண்ணாந்த முகங்களையே தேடிக்கொண்டிருந்ததால் அவரைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். குனிந்த தலையின் இரண்டு பக்கமும் காதுகள் விரிந்து நின்றன.

"டீச்சர்," என்றேன். "வந்திருக்கார்."

அவர் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "நிச்சயமா?"

"உங்க காது, டீச்சர். நிச்சயமா."

"எப்படி நிக்கிறார்? என்னப் பாக்குறாரா?"

இங்கேயும் நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இல்ல. எல்லாரும் மேல பாக்கறாங்க. அவர் மட்டும் குனிஞ்சு நிக்கிறார். கண்ண இறுக்கி மூடியிருக்கார். தொப்பிய நெஞ்சோட புடிச்சிருக்கார். விரலச் சுத்தி ஏதோ இருக்கு, செபமாலையான்னு தெரியல. அந்த இடம் கலங்கியிருக்கு."

பெரியவர் மெல்லத் தள்ளிப் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார். நான் அழுதுகொண்டிருந்தேன், வெட்கமில்லாமல்.

"அப்ப அவர் பாக்கவே இல்ல," என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர்."

"நான் மேல இருந்த நேரம் பூரா."

"தெரியல டீச்சர். படத்துல அப்படித்தான் இருக்கார்."

"என் விரல எடுத்து அவர் மேல வை."

அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, படத்தின் மூலையில், அந்தக் குனிந்த தலையின் மேல் வைத்தேன். விரல் அங்கேயே நின்றது, கண்ணாடியை லேசாகத் தடவிக்கொடுத்தது. டீச்சர் படத்தின் மேல் நன்றாகக் குனிந்தார். என்னிடம் பேசுகிற குரலில் இல்லை, வேறொரு குரலில், சின்னப்பெண் குரலில் சொன்னார்.

"கண்ணத் தொறங்கப்பா. நான் எறங்கிட்டேன்."